பாலத்துக்கு அந்தப் பக்கத்து நிறம்

சாந்தோ டொமிங்கோவில் நாம் வந்திறங்கும் விமான நிலையத்தின் பெயரோடு ஹோசே பிரான்சிஸ்கோ பேன்யா கோமெஸ் என்பவரின் பெயரும் ஒட்டியிருக்கிறது. யார் இவர் என்று டொமினிக்கன் குடியரசில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பெரிய தலைவர், மேடையேறினால் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர், தலைநகரின் மேயராக இருந்தவர். அப்படிப்பட்டவர் ஏன் அதிபராகவில்லை என்று அடுத்துக் கேட்டால் பதில் கொஞ்சம் இழுக்கும். 1990, 1994, 1996 என்று மூன்று முறை போட்டியிட்டார். 1994 தேர்தலில் நடந்த தில்லுமுல்லு ஊரறிந்தது. ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட ஹோவாக்கின் பாலகேர், தன் பதவிக்காலத்தை இரண்டு வருடமாகக் குறைத்துக்கொள்ள வேண்டி வந்தது. 1996ல் முதல் சுற்றில் பேன்யா கோமெஸ்தான் முந்தினார். இரண்டாம் சுற்றில் பாலகேர் தன் பழைய எதிர்முகாமோடு கைகோத்து அவரைத் தோற்கடித்தார்.

அவருக்கு எதிராக ஓடிய பிரச்சாரத்தின் சாரம் இதுதான்: இவர் ஹைட்டிக்காரர் பெற்ற பிள்ளை, தோலைப் பார்த்தாலே தெரியவில்லையா, ஆட்சிக்கு வந்தால் நாட்டை இதே தீவில் இருக்கும் ஹைட்டியோடு சேர்த்துவிடுவார். 1937ல், எல்லையோரத்தில் ஹைட்டியர்கள் வெட்டிக் கொல்லப்பட்ட அதே வருடத்தில், பிறந்தவர். டொமினிக்கன் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்தது. 1998ல் இறந்தார். இறந்த பிறகு விமான நிலையத்தைக் கொடுத்தார்கள்.

நான் தங்கியது காஸ்குவே என்ற பழைய குடியிருப்புப் பகுதியில். வீட்டுக்கார அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் காப்பி கொடுக்கும்போதே என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் இந்தியோ ஓஸ்குரோ" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது இங்கே ஒரு நிறம். வெளுத்தவர் ப்ளாங்கோ. தோல் வெளுத்து முடி சுருண்டிருந்தால் ஹபாவோ. அடுத்து திரிகேன்யோ, அதாவது கோதுமை நிறம். நம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் மணமகள் தேவை பகுதியை எழுதுகிறவர்களுக்கு இந்த ஊரில் உடனே வேலை கிடைக்கும். பிறகு இந்தியோ கிளாரோ, இந்தியோ ஓஸ்குரோ, மொரேனோ, ப்ரியெத்தோ என்று படி இறங்கிக்கொண்டே போகும். கடைசிப் படியில் நெக்ரோ, கறுப்பர். அந்தப் படியில் தானாகப் போய் நிற்பவர்கள் குறைவு. ஆனால் அதே சொல்லைக் கணவன் மனைவியிடம் "மி நெக்ரா" என்று கொஞ்சலாகச் சொல்வான். மனைவி பால்போல இருந்தாலும் சொல்வான்.

அந்த அம்மா உள்ளே போய்த் தன் பழைய அடையாள அட்டையை எடுத்து வந்து காட்டினார். ஓரம் உரிந்த பிளாஸ்டிக் உறை, மங்கிய புகைப்படம், கைரேகை. நிறம் என்ற இடத்தில் இந்தியோ என்று இருந்தது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அவருடைய தம்பிக்கு அட்டையில் வேறு நிறமாம். "அலுவலகத்தில் எழுதுகிறவர் அன்றைக்கு எப்படிப் பார்த்தாரோ அப்படி. தம்பி வெயிலில் நின்றுவிட்டுப் போயிருப்பான்," என்று சிரித்தார்.

இந்த இந்தியோக்கள் உண்மையில் யார்? கொலம்பஸ் 1492ல் வந்தபோது தீவில் இருந்தவர்கள் தைனோ மக்கள். தங்கச் சுரங்க வேலை, பட்டினி, 1518ல் பரவிய பெரியம்மை எல்லாம் சேர்ந்து அரை நூற்றாண்டுக்குள் அவர்களை ஏறக்குறைய இல்லாமலாக்கிவிட்டன. அவர்கள் செத்துக் குறையக் குறைய ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கக் கண்டத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் நடத்திய, நமக்குப் பதிவாகக் கிடைக்கும் முதல் பெரிய கலகம் இந்தத் தீவில்தான் நடந்தது. 1521 கிறிஸ்துமஸ் சமயத்தில், கொலம்பஸின் மகன் தியேகோவின் சர்க்கரை ஆலையில். இன்றைய டொமினிக்கன் மக்களின் உடம்பில் தைனோ ரத்தம் சொற்பம். ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும்தான் பெரும்பங்கு. ஆனால் அட்டையில் ஏறியது செத்துப்போனவர்களின் பெயர். செத்தவர்கள் வந்து பங்கு கேட்கமாட்டார்கள் என்பது ஒரு வசதி.

கலாச்சாரச் சதுக்கத்தில் டொமினிக்கன் மனிதன் அருங்காட்சியகத்தின் வாசலில் மூன்று சிலைகள் இருக்கின்றன. நடுவில் பாதிரியார் பர்த்தோலோமே தே லாஸ் காசாஸ். ஒரு பக்கம் ஸ்பானியரை எதிர்த்து மலையேறிய தைனோ தலைவன் என்ரிகியோ. இன்னொரு பக்கம் தப்பியோடிய அடிமைகளின் தலைவன் செபஸ்தியான் லெம்பா. சிலையில் மூவரும் சமம். என்ரிகியோவைப் பற்றி கால்வான் எழுதிய நாவல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்து, பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிற புத்தகமாகிவிட்டது. ஒரு ஏரிக்கும் நகரத்துக்கும் அவன் பெயர். லெம்பாவுக்கு அந்த யோகம் இல்லை. அங்கே நிழலில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர்களிடம் கேட்டேன்; என்ரிகியோவின் கதையை ஆளுக்கொரு வரியாக ஒப்பித்தார்கள், லெம்பா வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எல் கோந்தே தெருவில் நினைவுப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாக் கடையிலும் அதே களிமண் பொம்மைதான்: கிராமத்துப் பெண், பெரிய தொப்பி, கையில் பூக்கூடை, ஆனால் முகத்தில் கண்ணும் இல்லை மூக்கும் இல்லை. எங்கள் மக்களுக்கு ஒரே முகம் கிடையாது, எல்லா இனமும் கலந்தது, அதனால்தான் முகம் வைக்கவில்லை என்று கடைக்காரர் மனப்பாடமாகச் சொன்னார். அழகான விளக்கம்தான். அவர் கடையில் இருந்த பொம்மைகளில் பெரும்பாலானவை வெளிர் பழுப்பு. நல்ல கறுப்பில் ஒன்றுகூட இல்லை. விலையைப் பாதியாகக் குறைக்க முன்வந்தார், நான் வாங்கவில்லை.

நாட்டின் சுதந்திர நாள் பிப்ரவரி 27. சுதந்திரம் என்றால் லத்தீன் அமெரிக்காவின் பெரும்பாலான நாடுகளைப்போல ஸ்பெயினிடமிருந்து அல்ல, ஹைட்டியிடமிருந்து. இதை விளங்கிக்கொள்ளாமல் இங்கே எதுவும் விளங்காது. ஹைட்டியில் அடிமைகள் பிரெஞ்சுக்காரர்களை விரட்டிவிட்டு 1804ல் தங்கள் நாட்டை அறிவித்தார்கள். 1822ல் அதிபர் போயே தன் படையோடு தீவின் கிழக்குப் பகுதிக்குள் நுழைந்தார். இருபத்திரண்டு வருடம் முழுத் தீவும் ஓராட்சியின் கீழ் இருந்தது. வரி, கட்டாய வேலை, மாதா கோயில் சொத்துகளைப் பறித்தது என்று அந்த ஆட்சியின் மேல் கோபப்பட நியாயமான காரணங்கள் பல உண்டு. ஆனால் இங்கே அடிமைமுறையை ஒழித்ததும் அவர்கள்தான். 1844ல் ஹைட்டியர்களை வெளியேற்றிய அதே நாட்களில் தலைநகருக்கு அருகே மோந்தே கிராந்தேயில் விடுதலை பெற்றிருந்த கறுப்பர்கள் திரண்டெழுந்தார்கள். புதிய கொடி வந்தால் பழைய விலங்கும் வந்துவிடுமோ என்ற பயம். அடிமைமுறை திரும்பாது என்று புதிய அரசு வாக்குக் கொடுத்த பிறகே அடங்கினார்கள். சுதந்திரப் பூங்காவில் நாட்டின் தந்தையர் மூவரும் வெள்ளைப் பளிங்கில் நிற்கிறார்கள். அதில் ஒருவரான சான்செஸ் கலப்பினத்தவர். பளிங்கில் அது எப்படித் தெரியும்?

இந்தப் பழைய பயத்தை எடுத்து அரசாங்கக் கொள்கையாக மாற்றியவர் ரஃபாயேல் ட்ருஹியோ. 1930லிருந்து 1961ல் சுட்டுக் கொல்லப்படும்வரை நாட்டைக் கையில் வைத்திருந்த சர்வாதிகாரி. தலைநகருக்கே தன் பெயரைச் சூட்டிக்கொண்டவர். அவருடைய தாய்வழிப் பாட்டிக்கு ஹைட்டி ரத்தம் உண்டு. அவர் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டுதான் வெளியே வருவார் என்பது இன்றைக்கும் ஊரில் சிரித்துச் சொல்லும் கதை. 1937 அக்டோபரில் அவர் உத்தரவின்பேரில் எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஹைட்டியர்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். துப்பாக்கியைவிட அரிவாளையே அதிகம் பயன்படுத்தினார்கள். விவசாயிகளின் ஆத்திரம் என்று கணக்குக் காட்ட அது தோதாக இருந்தது. செத்தவர்கள் சில ஆயிரம் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு, இருபதாயிரத்துக்கும் மேல் என்று சொல்கிறவர்களும் உண்டு. இழப்பீடாக ஏழரை லட்சம் டாலருக்கு ஒத்துக்கொண்டு, கடைசியில் ஐந்தேகால் லட்சத்தில் முடித்தார்கள். வெட்டுப்பட்டுப் பிழைத்தவர்கள் கைக்கு அதிலும் ஒன்றும் வந்து சேரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த வருடமே எவியான் மாநாட்டில், ஹிட்லரிடமிருந்து தப்பிவரும் யூதர்களில் ஒரு லட்சம் பேர்வரை ஏற்கிறேன் என்று முன்வந்தார் அதே ட்ருஹியோ. மற்ற நாடுகள் கதவைச் சாத்திய நேரம். கொலைக்கறையைக் கழுவ வேண்டும், நாட்டுக்குக் கொஞ்சம் வெள்ளைத் தோலும் வேண்டும்; இரண்டும் ஒரே கல்லில். வந்தது சில நூறு பேர்தான். வடக்குக் கரையில் ஸோசுவா என்ற ஊரில் மாடு வளர்த்துப் பால்பண்ணை வைத்தார்கள். அந்த ஊர்ப் பெயரில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. வீட்டுக்கார அம்மா காலையில் வாழைக்காய் மசியலோடு பொரித்து வைத்ததும் அந்தப் பாலாடைக்கட்டிதான். அந்த மனிதரின் எந்தக் கணக்கில் பிழைத்திருந்தாலும் பிழைத்தவர்கள் பிழைத்தவர்கள்தானே என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

தோலைப்போலவே முடிக்கும் இங்கே தரம் பார்க்கிறார்கள். தெருவுக்கு இரண்டு மூன்று சலூன். சனிக்கிழமை காலையில் எல்லாம் நிரம்பி வழியும். சுருள் முடியைக் கழுவி, பெரிய ரோலர்களில் சுற்றி, தலைக்கவசம்போன்ற சூடான டிரையருக்குள் உட்காரவைத்து, பிறகு வட்ட பிரஷும் கை டிரையருமாக இழுத்து இழுத்து நேராக்குகிறார்கள். நல்ல முடி என்றால் நேரான முடி, கெட்ட முடி என்றால் சுருள் முடி. குழந்தைகளுக்கே இந்த வார்த்தைகள் தெரியும். சுருளோடு பள்ளிக்கு வந்த பெண்களை வாரிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிய பள்ளிகளும் உண்டு. அதை எதிர்த்துப் பழைய நகரத்தில் சுருள் முடிக்கென்றே 'மிஸ் ரிசோஸ்' என்ற சலூன் 2014ல் வந்தது. நியூயார்க் போய்த் திரும்பிய பெண்கள்தான் முதலில் துணிந்தார்கள் என்று பலரும் சொன்னார்கள். அங்கே போலீஸ்காரனுக்கு இந்தியோ கிளாரோ, இந்தியோ ஓஸ்குரோ எல்லாம் தெரியாது. ஒரே பார்வையில் கறுப்பர் பட்டியலில் போட்டுவிடுவான். அந்த அதிர்ச்சியில் கண்ணாடியைத் திரும்பப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சான் பேத்ரோ தே மக்கோரிஸ் வட்டாரத்துக் கரும்பாலை மண்ணிலிருந்து போய் அமெரிக்க பேஸ்பாலில் அறுநூறு ஹோம் ரன்னுக்கு மேல் அடித்த சாமி சோசா. 2009ல் அவர் ஒரு விருது விழாவுக்கு முகம் வெளுத்து வந்து நின்றார். தோலை மென்மையாக்க ஒரு க்ரீம் போடுகிறேன், அவ்வளவுதான் என்றார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அமெரிக்கத் தென் மாநிலங்கள் மாதிரி ஓர் ஊரைக் கற்பனை செய்தால் அது தப்பு. தனிக் குழாய், தனி பெஞ்சு என்று இங்கே எதுவும் இல்லை. ஒரே வீட்டுக்குள் ஏழு நிறம். எல்லாருக்கும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் கறுப்பு உண்டு என்று அவர்களே பழமொழியாகச் சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள். 2010 நிலநடுக்கத்தில் ஹைட்டி நொறுங்கியபோது முதலில் உதவிக்கு ஓடியவர்களும் டொமினிக்கன்கள்தான். உலகம் ஹைட்டியைக் கைவிட்டுவிட்டு, அந்தப் பாரத்தை எங்கள் தலையில் இறக்கிவிட்டு, எங்களையே இனவெறியர் என்கிறது என்று அவர்கள் சொல்லும்போது அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஏணி என்று ஒன்றிருந்தால் கடைசிப் படியில் யாராவது நிற்கத்தானே வேண்டும். இந்த ஊரின் சாமர்த்தியம், அந்தப் படியை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தது. கறுப்பு என்பது ஹைட்டியரின் நிறம். நாம் கறுத்திருந்தாலும் டொமினிக்கன், ஆகவே கறுப்பரில்லை. இப்படி நாடே ஒரு நிறமாகிவிட்டது. பக்கத்து நாட்டில் பிறந்த தாய்க்கு இந்தப் பக்கம் பிள்ளை பிறந்தால் அது எந்த நிறம் என்ற கேள்வியில்தான் இந்தக் கணக்கு இடிக்கிறது.

அந்த எல்லையைப் பார்க்க வடமேற்கே தஹபோனுக்குப் போனேன். ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர் மசாக்ரே, படுகொலை. 1937ஐ வைத்து வந்த பெயர் என்றுதான் தோன்றும், ஆனால் அது ஸ்பானியரும் பிரெஞ்சுக் கடற்கொள்ளையரும் வெட்டிக்கொண்ட காலத்துப் பழைய பெயர். ஆறு என்று சொன்னால் நம் பாலாறு வறட்சியில் கிடக்கும் லட்சணம்; முழங்காலளவு தண்ணீர். அந்தத் தண்ணீருக்காகத்தான் 2023ல் ஹைட்டிக்காரர்கள் கால்வாய் வெட்ட, டொமினிக்கன் அரசு எல்லையையே மூடியது. கரையோரம் புதிய சுவர் எழும்பியிருக்கிறது.

திங்களும் வெள்ளியும் சந்தை. காலையில் பாலத்தின் கதவு திறந்ததும் அந்தப் பக்கத்து வானாமின்த் ஊரிலிருந்து சனம் தள்ளுவண்டிகளோடு பாய்ந்து வருகிறது. தலையில் பழைய துணி மூட்டை, பூண்டு, வாசனைத் தைலம் கொண்டுவந்து விற்றுவிட்டு, முட்டையும் மாவும் வாழைக்காயும் வாங்கிப் போகிறார்கள். ஒரு பெண் முட்டை அட்டைகளைப் பத்துப் பன்னிரண்டு அடுக்காகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, அந்த நெரிசலில் ஒருவரையும் இடிக்காமல், விலை பேசிக்கொண்டே நடந்தாள். ஸ்பானிஷும் ஹைட்டியின் கிரெயோலும் கலந்து பேரம் ஓடுகிறது. எல்லாருக்கும் எல்லாரையும் பெயர் சொல்லித் தெரிந்திருக்கிறது. கடன் கூடச் சொல்கிறார்கள். பகை எல்லாம் தலைநகரத்தில்தான் போலும் என்று எண்ணத் தொடங்கியபோது சந்தை கலைந்தது. சிப்பாய்கள் கம்போடு வந்து எல்லாரையும் பாலத்தை நோக்கி ஓட்டினார்கள்.

திரும்பும் பஸ் சாந்தியாகோ போவதற்குள் சோதனைச் சாவடிகளில் பல முறை நின்றது. சிப்பாய் ஏறுவார், இரு பக்கமும் முகங்களை மட்டும் பார்த்தபடி நடப்பார். எல்லாரிடமும் கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் என்னிடம் நின்றார். பாஸ்போர்ட்டை நீட்டினால் முகம் மாறிவிடும். ஒருவர் "ஆ, இந்தியோவா, நிஜ இந்தியோ!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லி என் தோளைத் தட்டினார், பஸ்ஸே சிரித்தது. எனக்கு இரண்டு இருக்கை பின்னால் என்னைவிட ஒரு மாற்றுச் சிவப்பாகவே ஓர் இளைஞன் இருந்தான். ஸ்பானிஷ் தாய்மொழிபோலப் பேசினான். அவனிடம் காட்ட எதுவும் இல்லை. இறக்கிவிட்டார்கள். டிரைவர் அவன் பையை எடுத்து வெளியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும்தான்.

அவனைப்போன்றவர்களின் கதை கரும்போடு தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டு முழுக்கச் சர்க்கரை ஆலைகளுக்கு ஹைட்டியிலிருந்து வெட்டாட்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டே கொண்டுவந்தன. பத்தேய் எனப்படும் லயன் குடியிருப்புகளில் போட்டார்கள். அங்கேயே பிள்ளைகள் பிறந்தன, பேரப்பிள்ளைகள் பிறந்தன. மண்ணில் பிறந்தவர் எல்லாரும் குடிமக்கள் என்றுதான் அரசியல் சட்டம் சொன்னது. தூதர்களின் பிள்ளைகளுக்கும், நாட்டைக் கடந்து செல்லும் பயணிகளின் பிள்ளைகளுக்கும் மட்டும் விலக்கு. 2013 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் 168ஆம் எண் தீர்ப்பில், முறையான குடியேற்றத் தாள் இல்லாதவர்கள் எல்லாரும் கடந்து செல்லும் பயணிகளே என்றது. அதை 1929வரை பின்னோக்கி இழுத்தது. மூன்று தலைமுறையாகக் கடந்து சென்றுகொண்டே இருந்தவர்கள்! இரண்டு லட்சம் பேர்வரை நாடற்றவர்கள் ஆனார்கள் என்று மதிப்பிட்டார்கள். உலகம் சத்தம் போட, 2014ல் ஒரு சட்டம் வந்தது. முன்பே பதிவானவர்களுக்கு அட்டை திரும்பக் கிடைக்கும். பதிவே ஆகாதவர்கள் முதலில் தம்மை வெளிநாட்டவர் என்று எழுதிக்கொடுத்து, பிறகு குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும். பிறந்த ஊரில், வெளிநாட்டவர் என்று கையெழுத்து.

சான் பேத்ரோவுக்கு வெளியே ஒரு பத்தேய்க்கு, இந்த வழக்குகளைப் பார்க்கிற இளம் வக்கீல் ஒருவர் என்னை அழைத்துப் போனார். பத்தேயில் பிறந்து, பதின்மூன்று வயதில் கரும்பு வெட்டுகிறவர்களின் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து, 2011ல் இறக்கும்வரை இதற்காகவே போராடிய சோனியா பியேரைப் பார்த்துத்தான் சட்டம் படித்ததாகச் சொன்னார். நீளமான காரைக் கட்டடம், வரிசைக் கதவுகள், கதவுக்கு வெளியே கரி அடுப்பு. நுவரெலியாவில் பார்த்த லயத்திலிருந்து தேயிலையை எடுத்துவிட்டுக் கரும்பை வைத்தாற்போல இருந்தது. ஒரு பாட்டி தன் குடும்பக் கணக்கைச் சொன்னார். மூத்த மகளுக்கு அட்டை உண்டு, இளையவனுக்கு இல்லை. ஒரே அம்மா, ஒரே அப்பா. ஒருத்தியைப் பதிந்த எழுத்தர் நல்லவர், அடுத்தவர் பெயரைப் பார்த்ததும் மறுத்துவிட்டார். பிரெஞ்சு வாடை அடிக்கும் குடும்பப் பெயர். அட்டை இல்லாததால் அவன் பள்ளி இறுதித் தேர்வு எழுதவில்லை. நன்றாகப் பந்து வீசுவான், பேஸ்பால் அகாடமி பிறப்புச் சான்றிதழ் கேட்டது. இப்போது புந்தா கானாவில் ஹோட்டல் கட்டட வேலை. ஊருக்கு வரமாட்டான், வழியில் சாவடி.

உங்கள் ஊரில் இப்படி உண்டா என்று பாட்டி கேட்டார். இலங்கை மலையகத்தைப் பற்றிச் சொன்னேன். 1948ல் ஒரு சட்டம், முன்னோர் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது, தேயிலை பறித்த தமிழர்களில் ஏறக்குறைய எல்லாரும் நாடற்றவர்கள் ஆனார்கள். கடைசி ஆட்களுக்கு 2003ல்தான் குடியுரிமை முழுமையாக வந்தது என்றேன். வக்கீல் கிரெயோலில் மொழிபெயர்த்தார். பாட்டி வருடங்களைப் பற்றிக் கேட்கவில்லை. எப்படி வாங்கினார்கள் என்று கேட்டார். 1986ல் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் தோட்டத் தொழிலாளர்களைக் காலை வேலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் உட்காரவைத்ததைச் சொன்னேன். கொழுந்து கிள்ள ஆளில்லை என்றால் அரசாங்கம் பேச வந்துதானே ஆகும். அவர் கையால் காட்டிய திசையில் ஆலையின் புகைபோக்கி மட்டும் நின்றது, மேலே செடி முளைத்திருந்தது. "இங்கே கரும்பையே நிறுத்திவிட்டார்களே," என்றார். "நாங்கள் எதை நிறுத்துவது?" வக்கீல் கட்டட வேலையைச் சொன்னார்: ஹோட்டல்களையும் தலைநகரத்து அடுக்குமாடிகளையும் கட்டுவது இந்தப் பிள்ளைகள்தான். பாட்டி அதை ஒப்புக்கொள்ளவில்லை. கட்டட வேலைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாளைக்கே வேறு ஆள் வருவான் என்றார். இருவரும் அதைப் பற்றி வாதாடத் தொடங்கினார்கள்.